எங்கள் வீட்டில் நடந்த ஆடிட்

1

திருப்பூரில் பனியன் கம்பெனிப் படியேறியவர்களுக்கு ஆடிட் என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நம்மிடம் துணி வாங்கும் வெளிநாட்டுக்காரர், தன் சரக்கு தைக்கப்படும் இடம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்து வர ஓர் ஆளை அனுப்புவார். அந்த ஆள் வருவதற்கு முந்தின வாரம் கம்பெனி கல்யாண வீடாகிவிடும். சுவருக்கு வெள்ளையடிப்பார்கள். முதலுதவிப் பெட்டியில் குடியிருந்த சீப்பும் சாவிக்கொத்தும் வெளியேறி, பஞ்சும் மருந்தும் குடிவரும். தீயணைப்பு சிலிண்டரின் மேல் காய்ந்துகொண்டிருந்த துண்டுக்கு அன்றைக்கு லீவு. தையல்காரர்களை வரிசையில் நிறுத்தி, கேட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளைப்போல ஒப்பிக்க வைப்பார்கள்.

என் வீட்டுக்காரர் பழனிசாமிக்கு முதலிபாளையத்தில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் இதுதான் வேலையாக இருந்தது. எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன், இப்போதும் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கிறார்கள். அவர் பொறுப்பில் இருந்தவரை ஓர் ஆடிட்டில்கூடத் தோற்றதில்லை. அந்த மனிதரை விமானத்தில் ஏற்றி மெல்போர்ன் புறநகரில் இறக்கி, ஒரு சரக்குக் கிடங்கில் வேலைக்குச் சேர்த்துவிட்டால் மட்டும் பழக்கம் போய்விடுமா? இந்த வருடம் எங்கள் வீட்டுக்கே ஆடிட் வந்தது. பார்க்க வேண்டிய சரக்கு, எங்கள் மகன் கதிர்.

கதிருக்கு இருபத்து நான்கு வயது. டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவன். ஒன்பது வயதில் எங்களோடு இங்கே வந்தான். ஒரு செடி நாற்றுப் பண்ணையில் வாரத்தில் சில நாட்கள் தொட்டிகளுக்கு மண் நிரப்பும் வேலை. எல்லோரோடும் பேசுவான். ஆங்கிலத்துக்கும் கொங்கு மரியாதை சேர்த்துத்தான் பேசுவான். பஸ்ஸை விட்டு இறங்கும்போது ஓட்டுநருக்கு "தேங்க்யூங்க" என்பான். அந்த வழித்தட ஓட்டுநர் ஒருவர், கிரேக்க நாட்டுக்காரர், இப்போது என்னைப் பார்த்தாலும் "தேங்க்யூங்க" என்கிறார்.

இந்த நாட்டில் கதிரைப் போன்றவர்களுக்கு அரசாங்கத் திட்டம் ஒன்று உண்டு. அவ்வப்போது ஓர் அதிகாரி வந்து, இவரால் என்ன முடியும், என்ன முடியாது, இவருக்கு என்ன ஆசை என்று கேட்பார். அதற்குத் தகுந்தாற்போல உதவியாளர்களை ஏற்பாடு செய்வார்கள். சென்ற முறை ஆசை என்னவென்று கேட்டபோது நீச்சல் என்றான். இந்த முறை பெரிய குண்டாகப் போட்டான். பண்ணையில் அவனோடு வேலை செய்யும் நண்பர்கள் இரண்டு பேர் ஒரு ஃபிளாட்டில் இருக்கிறார்கள். பகலிலும் இரவிலும் உதவியாளர்கள் மாறி மாறி அங்கேயே இருப்பார்கள். அதில் மூன்றாவது அறை காலி. அந்த அறை வேண்டும் என்றான். திரைச்சீலைக்கு மஞ்சள் நிறம்வரை தேர்ந்தெடுத்து வைத்துவிட்டான்.

2

திருப்பூரில் கதிர் சின்னவனாக இருந்தபோது, பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவர் கோயம்புத்தூரிலிருந்து சனிக்கிழமைகளில் மட்டும் வருவார். பட்டன், ஜிப், எலாஸ்டிக் விற்கும் கடையின் மாடியில் ஒரு சின்ன அறை. படிக்கட்டு முழுக்க அட்டைப் பெட்டிகள். ஒரு பக்கம் லாரியில் சரக்கு ஏற்றும் சத்தம், இன்னொரு பக்கம் "ஆ... ஆ சொல்லு கண்ணு" என்று அவர் கெஞ்சும் குரல். கதிர் முதன்முதலில் தெளிவாகச் சொன்ன வார்த்தை அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. "ஏத்து." லாரிக்காரர்களிடம் கற்றது.

அப்போது அந்தப் பயிற்சியாளர் எங்களிடம் முதலில் கேட்டது, "பையனுக்கு என்னென்ன செய்ய வராதுங்க?" என்றுதான். என் வீட்டுக்காரர் முதுகை நிமிர்த்தி, "அதெல்லாம் எல்லாஞ் செய்வானுங்க" என்றார். "பொறவு எதுக்குங்க இங்க கூட்டிட்டு வந்தீங்க?" என்று அவர் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் வீட்டுக்காரருக்கு வரவில்லை.

அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. எங்கள் பக்கத்து வழக்கமே அப்படி. பிள்ளையைப் பற்றி வெளி ஆளிடம் ஒரு குறை சொல்லிவிட மாட்டோம். மாற்றுத்திறனாளிகளுக்கான அரசு அடையாள அட்டை வாங்கப் போகிறோம் என்று தெரிந்ததும் என் தம்பி சிவகுமார் வண்டியை முறுக்கிக்கொண்டு வந்தான். "அக்கா, அந்த அட்டையெல்லாம் எதுக்குங்க? நாளைக்கு நித்யாவுக்கு மாப்பிள்ளை பாக்கோணுமில்ல? நாலு பேரு காதுல உழுந்தா நல்லாவா இருக்கும்?" என்றான். நித்யா என் மூத்தவள். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயதுகூட ஆகவில்லை. அட்டையை வாங்கினோம். வாங்கி, பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் நகையைப்போல ஒளித்து வைத்தோம்.

3

அதிகாரியின் பெயர் ஜூலி. அவர் வரப்போகும் தேதி தெரிந்ததிலிருந்து என் வீட்டுக்காரருக்குப் பத்து வயது குறைந்துவிட்டது. ஒவ்வோர் அறையாகப் போய்ப் பார்த்தார். குளியலறைச் சுவரில் பல் துலக்குவது, சோப்புப் போடுவது, துண்டால் துடைப்பது என்று வரிசையாகப் படங்கள் ஒட்டியிருப்போம். அதைப் பார்த்துத்தான் கதிர் குளிப்பான். அந்தப் படங்கள் கழற்றப்பட்டன. வாசல் கதவைத் திறந்தால் மணியடிக்கும் கருவி, வேளை வாரியாக மாத்திரை போட்டு வைக்கும் பெட்டி, அடுப்புத் திருகுக்கு மாட்டும் பூட்டு எல்லாம் கார் ஷெட்டுக்குப் போயின. ஆடிட் அன்று செகண்ட்ஸ் என்று ஒதுக்கிய குறையுள்ள பீஸ்களைக் குடோனுக்கு அனுப்புவதுபோலவே இருந்தது.

"ஏனுங்க, இது பையனுங்க. சரக்கு லாட் இல்லீங்க" என்றேன்.

"ஒரு நாளைக்குத்தான மல்லிகா? அந்தம்மா போனதும் மறுபடி மாட்டிப் போடலாம்" என்றார்.

நானும் சும்மா இருந்தேன் என்று சொல்ல முடியாது. புதுப் படுக்கை விரிப்புப் போட்டேன், கச்சாயம் சுட்டேன். வீட்டுக்கு ஒருவர் வருகிறார் என்றால் கை தானாக வெல்லத்தை எடுக்கிறது.

பயிற்சி பலமாக நடந்தது. என்ன கேட்டாலும் முதலில் "யெஸ்" சொல்ல வேண்டும் என்பது அப்பாவின் முதல் பாடம். சாலையைக் கடப்பது இரண்டாவது, தோசை ஊற்றுவது மூன்றாவது. கதிருக்கு அப்பா கைதட்டினால் போதும், மலையைக் கூட நகர்த்துவான். மாவு ஊற்றி வட்டம் இழுப்பதில் உண்மையிலேயே கெட்டிக்காரன் ஆகிவிட்டான். ஆனால் அடுப்பைப் பற்றவைக்க மாட்டான். தீ 'பக்'கென்று பிடிக்கும் சத்தத்துக்கு அவ்வளவு பயம்.

ஜூலி வந்தார். சமையலறையில் அடுப்பு ஏற்கனவே எரிந்துகொண்டிருந்தது. யார் பற்றவைத்தது என்று அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. கதிர் ஊற்றிய தோசையைச் சாப்பிட்டு, ஜூலி இன்னொன்றும் கேட்டு வாங்கினார். பிறகு தெருமுனை பஸ் நிறுத்தம்வரை அவன் எப்படிப் போகிறான் என்று பார்க்கலாமா என்றார். என் வீட்டுக்காரர் உடனே குப்பை போடப் போவதாகச் சொல்லி வெளியே நழுவினார். கதிர் சாலை ஓரம் நின்றான், இடது பார்த்தான், வலது பார்த்தான், சரியான நேரத்தில் கடந்தான். ஜூலி என் தோளைத் தொட்டு "அற்புதம்" என்றார். எதிர்ப்புறம் பக்கத்து வீட்டு மரத்தின் பின்னாலிருந்து ஒரு கை 'வா, வா' என்று அசைந்ததை அவர் பார்க்கவில்லை, நான் பார்த்தேன்.

4

அடுத்த வாரம் ஜூலி போனில் அழைத்தார். குரலில் அப்படியொரு சந்தோஷம். கதிர் எவ்வளவு முன்னேறியிருக்கிறான், தோசை என்ன, சாலை என்ன! ஆகவே பகலும் இரவும் ஆள் இருக்கும் அந்த ஃபிளாட் ஏற்பாடு அவனுக்குத் தேவைப்படவில்லை. வீட்டிலேயே இவ்வளவு நன்றாக இருக்கிறானே! இப்போது வந்துபோகும் உதவியாளரைக்கூடக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். வாழ்த்துகள்.

முதல் மார்க் வாங்கித் தோற்றுப்போன குடும்பம் உலகத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும்.

போனை வைத்ததும் கதிரிடம் சொன்னோம். அவன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "நான் எல்லாத்துக்கும் யெஸ் சொன்னனே. அப்ப என்ற ரூம்?" என்றான். அவன் துணிப்பை அதற்கு முந்தைய வாரமே வாசலுக்கு வந்துவிட்டது. அன்று சாயங்காலம் அதை அவனே எடுத்துப்போய்க் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். அழுதிருந்தால்கூடச் சமாதானப்படுத்தியிருப்பேன்.

இங்கே பிள்ளைகள் பதினெட்டு வயதானால் கூட்டை விட்டுப் பறந்துவிடுவார்கள் என்று நம் ஊர்க்காரர்கள் புலம்புவார்கள். எங்கள் நித்யாவும் அப்படித்தான் சிட்னிக்குப் போனாள். எந்த அதிகாரியும் வந்து அவளுக்குத் தோசை ஊற்றத் தெரியுமா என்று கேட்கவில்லை. உண்மையில் அவளுக்குத் தெரியாது. கதிர் மட்டும் வீட்டை விட்டுப் போவதற்கு அரசாங்கத்திடம் அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது.

அன்றைக்கு என் வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டேன். "நீங்க வேணும்னேதான் பண்ணுனீங்களா?"

"கல்யாணமாகாத பையனைத் தனிக்குடித்தனம் வெச்சா ஊர்ல என்ன பேசுவாங்க?" என்றார்.

"ஊர்ல பேசறவங்க நமக்குப் பொறவு வந்து இவனைப் பாத்துக்குவாங்களா?"

அவர் எழுந்து செடிகளுக்குத் தண்ணீர் விடப் போய்விட்டார். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

5

ஜூலியைப் போனில் அழைத்து, கதிர் அந்த அறைக்காகக் காத்திருப்பதைச் சொன்னேன்; மறுபரிசீலனை கேட்கலாம் என்று அவரே சொன்னார். அந்த மூன்றாவது அறையை இன்னும் சில வாரங்கள்தான் காலியாக வைத்திருப்பார்கள், அதற்குள் முடிவாக வேண்டும் என்றும் சொன்னார். இந்த முறை கதிரின் நல்ல நாளைப் பற்றிச் சொல்ல வேண்டாம், இருப்பதிலேயே கஷ்டமான நாளைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்.

கேட்க எளிதாக இருந்தது. சொல்லிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, எங்களுக்கு அந்தக் கலையே கைவரவில்லை. என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கதிருக்குக் காசு எண்ணத் தெரியாதுங்க" என்று ஆரம்பிப்பார். "ஆனா பாருங்க, கடைக்காரரே மிச்சத்தைத் தானாக் குடுத்துருவாரு. அவ்வளவு நல்ல பேரு வாங்கியிருக்கறான்!" என்று முடிப்பார். நான் அவன் கூட்டத்தில் தொலைந்துபோன கதையை எடுப்பேன். அது அவனைக் கண்டுபிடித்துக் கொடுத்த போலீஸ்காரரை அவன் தீபாவளிக்குக் கூப்பிட்ட கதையாக முடியும். 'ஆனா' வராமல் எங்கள் இருவரில் ஒருவரும் ஒரு வாக்கியத்தை முடிக்கவில்லை.

இதற்கிடையில் சிவகுமாரின் மகளுக்குக் கல்யாணம். மூவரும் திருப்பூர் வந்து இறங்கினோம். ஜூலியோடு வீடியோவில் பேச வேண்டிய நாள் கல்யாணத்துக்கு முந்தைய வாரத்தில் வந்து மாட்டியது. தம்பி வீட்டில் சொந்தபந்தம் நிரம்பி வழிந்தது. ஊரை ஒட்டி நெருப்பெரிச்சல் என்ற பகுதியில் அவன் நிட்டிங் யூனிட் இருக்கிறது. துணி பின்னும் மெஷின்களுக்கு நடுவே கண்ணாடி போட்ட ஆபீஸ் அறை, அங்கே இணையமும் நன்றாக வரும். காலையில் அங்கே போய் உட்கார்ந்தோம்.

ஆஸ்திரேலியாவிலிருந்து அரசாங்க அதிகாரி பேசப்போகிறார் என்று சொன்னதுதான் நான் செய்த தவறு. சிவகுமார் வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டு வந்து எங்களுக்கு நடுவில் நாற்காலி போட்டுவிட்டான். ஜூலியின் முகம் திரையில் வந்ததும் எழுந்து வணக்கம் வைத்தான்.

"மேடம், ஐ ஆம் மதர்ஸ் பிரதர். கதிர் ஹண்ட்ரட் பர்சென்ட் ஓகே மேடம். நோ கம்ப்ளெயின்ட். எக்ஸ்போர்ட் குவாலிட்டி!"

அவன் மனைவி கோகிலா தேநீர்த் தட்டோடு உள்ளே வந்தாள். திரையில் இருப்பவருக்கும் சேர்த்து ஒரு டம்ளர் கொண்டு வந்திருந்தாள். கேமராவுக்குள் தலையை நீட்டி, "தங்கமான புள்ளைங்க. ஒரு தொந்தரவு கெடையாதுங்க" என்று தமிழிலேயே சாட்சி சொன்னாள். நான் மேஜைக்கு அடியில் தம்பியின் காலை மிதித்தேன். அவன் அதை உற்சாகப்படுத்துவதாக எடுத்துக்கொண்டு, கதிர் காலையிலிருந்து யூனிட்டில் எத்தனை பேரைச் சிரிக்க வைத்தான் என்று விவரிக்கத் தொடங்கினான். என் வீட்டுக்காரராவது ஏதாவது சொல்வார் என்று திரும்பினேன். அவர் வாயிலிருந்தும் "நோ ப்ராப்ளம்" என்றுதான் வந்தது. மஞ்சள் திரைச்சீலை கையை விட்டுப் போனது என்றே நினைத்தேன்.

ஜூலி பொறுமையாகக் கேட்டார். பிறகு, "நான் கதிரோடு தனியாகப் பேசலாமா?" என்றார்.

6

இதை என் வீட்டுக்காரரைத் தவிர யாராலும் முழுதாகப் புரிந்துகொள்ள முடியாது. எந்த ஆடிட்டிலும் கடைசியில் இது ஒன்று உண்டு. வந்த ஆள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, ஒரு தொழிலாளியை நோக்கி விரலை நீட்டுவார். மற்ற எல்லோரும் வெளியே போக வேண்டும். அங்கே என்ன பேசுகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. அந்த நேரத்தில் தனக்கு வியர்க்கும் என்று என் வீட்டுக்காரர் முன்பே சொல்லியிருக்கிறார். அன்று நான் நேரில் பார்த்தேன்.

கண்ணாடிக்கு வெளியே நின்றோம். மெஷின் சத்தத்தில் உள்ளே பேசுவது ஒன்றும் கேட்கவில்லை. கதிர் எழுந்து நின்று கைகளால்தான் அதிகம் பேசினான். ஒரு திருகைத் திருப்புவதுபோல் காட்டி, கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, தலையை ஆட்டினான். சுவரில் படங்களை ஒவ்வொன்றாகக் கழற்றுவதுபோல் காட்டினான். பிறகு கண்ணாடி வழியாக அவன் அப்பாவைச் சுட்டிக்காட்டிவிட்டு, நாற்காலிக்குப் பின்னால் குனிந்து, தலையை மட்டும் வெளியே நீட்டி, 'வா, வா' என்று கையசைத்தான். திரையில் ஜூலி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"போச்சு. மரத்தையும் சொல்லிப் போட்டான்" என்றார் என் வீட்டுக்காரர்.

"என்னங்க மச்சான், ஃபெயிலுங்களா?" என்றான் சிவகுமார், முகம் வாடி. பக்கத்தில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்த பீகார்ப் பையனுக்கு ஒன்றும் புரியவில்லை என்றாலும், எங்கள் முகங்களைப் பார்த்து அவனும் வருத்தப்பட்டான்.

முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன், யாரும் கவலைப்பட வேண்டாம். நாங்கள் எல்லோரும் பக்கம் பக்கமாகச் சொல்லி ஒளித்ததை அவன் ஒருவன் சொல்லித் தீர்த்தான். தனக்கு என்ன முடியாது என்று வெட்கமில்லாமல், வருத்தமில்லாமல், பசிக்கிறது என்று சொல்வதுபோலச் சொல்லியிருக்கிறான். எங்கள் குடும்பத்தில் அதற்கு முன் யாரும் அதைச் செய்ததில்லை. கல்யாணம் முடிந்து நாங்கள் மெல்போர்ன் திரும்பிய பிறகு அறை கிடைத்தது. அடுத்த மாதம் குடிபோகிறான்.

ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்தது அறை கிடைத்ததைச் சொல்வதற்காக அல்ல. அன்று அந்தக் கண்ணாடிக் கதவைத் திறந்து கதிர் எங்களை உள்ளே கூப்பிட்டான். அவன் மாமாவைக் கையால் தடுத்து, "மாமா, நீங்க இருங்க. அப்பா அம்மா மட்டும்" என்றான். நாங்கள் உட்கார்ந்தோம். ஜூலி தனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது என்றார். ஆனால் கதிர் ஒரு கேள்வி கேட்டிருக்கிறான், அதற்குத் தன்னிடம் பதில் இல்லை, உங்கள் முன்னாலேயே அவன் மறுபடி கேட்கட்டும் என்றார்.

கதிர் எங்களைப் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்தான். ஆங்கிலத்தில் நிறுத்தி நிறுத்திக் கேட்டான். "நான் ஃபிளாட்டுக்குப் போனா, எனக்குப் பகல்ல ஒருத்தர் இருப்பாங்க, ராத்திரி ஒருத்தர் இருப்பாங்க. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் யாருமில்ல. அவங்க தனியா இருந்ததே இல்ல, அவங்களுக்கு அது தெரியாது. அவங்களுக்கு ஒரு சப்போர்ட் வொர்க்கர் அனுப்புவீங்களாங்க?"

அந்த ஆங்கிலத்தின் முடிவிலும் ஒரு 'ங்க' இருந்தது. இந்த முறை எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜூலி என் வீட்டுக்காரரைப் பார்த்து மெதுவாகக் கேட்டார். "சொல்லுங்கள். உங்களுக்கு எதில் உதவி வேண்டும்?"

அவர் தமிழில் பேசினார். "காலைல அவன் சட்டைக்குப் பட்டன் போட்டு உட்டுட்டுத்தானுங்க நான் என்ற சட்டையை எடுப்பன். அவன் போயிட்டா, எந்திரிச்சதும் என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியலீங்க."

ஜூலிக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க வேண்டியவள் நான்தான். நான் தொடங்குவதற்குள் கதிர் அப்பாவின் முதுகைத் தடவிக்கொண்டே ஜூலியிடம் ஆங்கிலத்தில் சொன்னான்.

"ஆமாங்க ஜூலி. அப்பாவுக்கு ஆள் வேணுமாம்."